இஞ்ச வா, மக்கா

கேமரூன்
ஏப்ரல் 9, 2006

அன்புள்ள ஷாஜினி அவர்களுக்கு,

அவன் உயிரோடு இருக்கிறான். நீங்கள் முதலில் தேடப்போவது இந்த வரியைத்தான் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

என் பெயர் சீதாலட்சுமி. இந்தக் காட்டுச் சரணாலயத்தில் கால்நடை மருத்துவர். தாயை இழந்த சிம்பன்சிக் குட்டிகளைத் தேற்றி, தங்கள் இனத்தோடு காட்டில் வாழப் பழக்குவது எங்கள் வேலை. நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதம் அலுவலகத்தில் சும்மா கிடந்து, போன வாரம்தான் என் மேசைக்கு வந்தது. வளர்த்தவர்கள் எழுதும் கடிதங்களுக்கு நாங்கள் பதில் போடுவதில்லை. முதலில் படம் கேட்பார்கள், அப்புறம் குட்டியையே கேட்பார்கள். ஆனால் உங்கள் பெயருக்குக் கீழே கன்னியாகுமரி மாவட்டம் என்று இருந்தது. எனக்குத் தென்காசி. இங்கே தமிழில் வாய் திறந்து ரொம்ப நாளாகிவிட்டது. அதனால் விதியை மீறுகிறேன்.

உங்கள் குட்டி பிப்ரவரியில் துபாயிலிருந்து விமானத்தில் வந்தான். புதிதாக வருபவர்களை மூன்று மாதம் தனி அறையில் வைப்போம், மற்றவர்களுக்கு நோய் எதுவும் பரவக்கூடாது என்று. அந்த அறையில் மூலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். பாலைத் தொடுவதில்லை. தன் கை ரோமத்தைத் தானே பிடுங்கிக்கொள்கிறான். எஸ்தர் என்று இந்த ஊர் அம்மா ஒருத்தி இருக்கிறாள், எத்தனையோ குட்டிகளை மார்பில் போட்டு வளர்த்தவள். அவளாலேயே முடியவில்லை.

ஆகவே உடனே எழுதுங்கள். என்ன பால் கொடுத்தீர்கள்? எப்படிக் கொடுத்தீர்கள்? எப்படித் தூங்குவான்? எதற்குப் பயப்படுவான்? எந்தப் பெயருக்குத் திரும்புவான்? அவனோடு வந்த காகிதத்தில் 'ஆண், சுமார் இரண்டு வயது' என்பதைத் தவிர எதுவும் இல்லை.

திருப்பித் தருவது பற்றி மட்டும் எழுதாதீர்கள். அது நடக்காது.

சீதாலட்சுமி


அல் ஐன்
ஏப்ரல் 30, 2006

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தை மீரா சாகிப் அண்ணன் கொண்டுவந்து தந்தார். அவர் இந்த வீட்டு டிரைவர். அந்த இங்கிலீஷ் கடிதமும் அவர் எழுதியதுதான். இந்த வீட்டுத் தபால் பெட்டிக்கு எனக்கு எதுவும் வரக்கூடாது என்பதால், துபாய் கராமாவில் அவர் மச்சான் நடத்தும் மெஸ்ஸின் முகவரியைத் தந்திருந்தேன். இனியும் அதற்கே போடுங்கள்.

டாக்டர், நீங்கள் கேட்டபடி சொல்கிறேன். சாதாரணக் குழந்தைப் பால்பவுடர்தான். கைச்சூடு போதும். பால் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் விளையாட்டு என்று நினைத்துத் துப்புவான். இடது கையில் எதையாவது பிடித்துக்கொண்டால்தான் குடிப்பான். என் காதைப் பிடிப்பான். மல்லாக்கப் படுக்க வைத்தால் தூங்க மாட்டான். நெஞ்சில் குப்புறப் போட்டு முதுகில் மெல்லத் தட்ட வேண்டும். பூட்ஸ் சத்தம் கேட்டால் மூத்திரம் போய்விடுவான்.

இந்த வீட்டில் அவனுக்குச் சிம்சிம் என்று பெயர். அரபியில் எள் என்று அர்த்தமாம். நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் கடற்கரையில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி மக்கா என்றுதான் கூப்பிட்டேன். 'இஞ்ச வா, மக்கா' என்றால் எங்கே தொங்கிக்கொண்டிருந்தாலும் வந்துவிடுவான்.

நான் நாகர்கோவிலில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். இங்கே இந்த வீட்டு மேடத்தின் கடைசிப் பிள்ளையைப் பார்க்க வந்தேன். பிள்ளை ஓடியாட ஆரம்பித்ததும் என் வேலை முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்றிருந்தேன். கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோனது அந்த வருஷம்தான். அம்மா தகரக் கொட்டகையில் இருந்தாள். அந்த நேரத்தில் அர்பாப், அதான் இந்த வீட்டு முதலாளி, ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய முகம். வார்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அந்த மாதிரி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. அழக்கூடத் தெரியாத அளவுக்குக் களைத்துப் போயிருந்தது. பிழைக்காது என்றுதான் நினைத்தேன். பிழைத்தது.

அர்பாப்பின் மூத்த பையன் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனான். யாரோ படம் எடுத்துப் புகார் கொடுத்துவிட்டார்கள். ஆபீஸர்கள் வந்தபோது மக்கா திரைச்சீலைக் கம்பியில் ஏறிக்கொண்டான். யாராலும் இறக்க முடியவில்லை. என்னைக் கூப்பிடச் சொன்னார்கள். இஞ்ச வா, மக்கா என்றேன். வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். கூண்டுக்குள் நானேதான் வைத்தேன்.

திருப்பிக் கேட்கவில்லை டாக்டர். அவன் சாப்பிட்டான் என்று ஒரு வரி போடுங்கள்.

ஷாஜினி


கேமரூன்
மே 28, 2006

அன்புள்ள ஷாஜினி அவர்களுக்கு,

எஸ்தர் அவன் முகத்தைப் பார்க்காமல் தன் காதைக் கொடுத்தாள். கொஞ்சம் குடித்தான். 'இஞ்ச வா, மக்கா' என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் வாயில் அது 'இஞ்சவமக்கா' என்று ஒரே சொல்லாக வருகிறது. அதைக் கேட்டதும் சுவரிலிருந்து திரும்பினான். வாசல் வரை ஓடிவந்து எஸ்தருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அங்கே நான் மட்டும்தான் நின்றேன். மறுபடி மூலைக்குப் போய்விட்டான்.

அவனுடைய பால் பற்கள் முன்னால் நான்கு சொத்தை. மரம் ஏறத் தெரியவில்லை. தரையில் இலை கிடந்தால் காலைத் தூக்கிக்கொள்கிறான். மற்றச் சிம்பன்சிகளின் குரல் கேட்டால் எஸ்தரின் பாவாடைக்குள் ஒளிகிறான். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். எக்ஸ்ரே எடுத்தோம். இடது தோளில் ஒரு ஈயக் குண்டு இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கிக் குண்டு. சிம்பன்சித் தாய் குட்டியைக் கையைவிட்டு இறக்க மாட்டாள். அவளைக் கொல்லாமல் குட்டியை எடுக்க முடியாது. கூட்டத்தில் குறுக்கே வரும் மற்றவர்களையும் சுடுவார்கள். அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் காட்டில் ஒரு குடும்பம் கிடக்கிறது. அவன் தோளில் இருப்பது அவன் தாய்க்கு விழுந்ததில் சிதறியது.

உங்கள் துணி ஏதாவது ஒன்று அனுப்ப முடியுமா? உடுத்தியதாக இருக்க வேண்டும். துவைக்காதீர்கள்.

சீதாலட்சுமி


அல் ஐன்
ஜூலை 2, 2006

டாக்டர் அக்காவுக்கு,

பழைய நைட்டி ஒன்றை அனுப்புகிறேன். அவன் இருந்தபோது போட்டது. அதற்குப் பிறகு போடவில்லை. இப்போது உங்களுக்காக ஒரு வாரம் போட்டேன்.

அந்தத் தோளில் ஒரு கட்டி இருந்தது எனக்குத் தெரியும். எலும்பு வளைந்திருக்கிறது என்று நினைத்தேன். குளிப்பாட்டிவிட்டுத் தினமும் தைலம் தடவினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. நர்ஸ் என்று பெயர்.

பற்களுக்கு நான் காரணமில்லை. பிள்ளைகள் பெப்சி கொடுப்பார்கள். 'சுகர் மாஃபி, சர்க்கரை வேண்டாம், மேடம்' என்று எத்தனையோ தடவை சொன்னேன். மேடம் சிரிப்பார். இலையை மிதிக்கத் தெரியவில்லை என்கிறீர்கள். இந்த வீட்டு முற்றத்தில் இருப்பது பிளாஸ்டிக் புல், அக்கா. நான் இலைக்கு எங்கே போவேன்?

உங்களை அக்கா என்று எழுதிவிட்டேன். தவறானால் மன்னியுங்கள்.

ஷாஜினி


கேமரூன்
செப்டம்பர் 17, 2006

அன்புள்ள ஷாஜினிக்கு,

அக்கா என்றே எழுதலாம்.

துணி வேலை செய்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறான். இரண்டு கிலோ கூடியிருக்கிறான். தனி அறையிலிருந்து குட்டிகள் பகுதிக்கு மாற்றிவிட்டோம். அங்கே அவனைப்போல நான்கு அனாதைகள். முதல் நாள் மூன்று பேர் அவனைக் கடித்தார்கள். பிறகு ஒருவன் முதுகை ஒருவன் பிடித்துக்கொண்டு வரிசையாகக் காட்டுக்குள் போனபோது, கடைசி ஆளின் முதுகில் இவன் இருந்தான், தோளில் உங்கள் நைட்டியோடு. எஸ்தர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. மழை முடிந்ததும் அந்தத் துணியை எடுத்துவிடுவேன். எஸ்தரும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவாள். கூப்பிட்டால் வராமலிருக்க அவன் பழக வேண்டும். மனிதக் குரலைக் கேட்டு இறங்கிவரும் சிம்பன்சி இந்தக் காட்டில் அதிக நாள் இருக்காது. வேலிக்கு வெளியே வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள்.

அவன் உங்களை மறக்க வேண்டும், ஷாஜினி. அதைச் செய்து முடிப்பதுதான் என் உத்தியோகம். வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சீதாலட்சுமி


அல் ஐன்
நவம்பர் 5, 2006

அக்காவுக்கு,

படித்தேன். மூன்று நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். நளினியிடம்கூடப் பேசவில்லை. அவள் இங்கே வீட்டு வேலைக்கு இருக்கும் இலங்கைப் பெண். 'என்னக்கா, ஊரில ஆருக்கும் ஏதுமோ?' என்று பயந்துவிட்டாள்.

வார்டில் நாங்களும் அப்படித்தான் செய்வோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மாதம் வைத்துக் காப்பாற்றிய பிள்ளையைத் துண்டில் சுற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குத் திரும்புவோம். ஒரு பிள்ளையாவது எங்களை ஞாபகம் வைத்திருக்குமா? அதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. அங்கே கையை நீட்டிக்கொண்டு ஒரு தாய் நின்றாள், அதனால்தான். மக்காவுக்கு அங்கே யார் கையை நீட்டுகிறார்கள்?

துணியை எடுத்துவிடுங்கள். எடுக்கிற அன்று எஸ்தரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். அது மட்டும் போதும்.

ஷாஜினி


கேமரூன்
பிப்ரவரி 11, 2007

அன்புள்ள ஷாஜினி,

யார் கையை நீட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். பதில் எழுத முடியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இப்போது பதில் இருக்கிறது.

பீபி என்று ஒரு வளர்ந்த பெண் சிம்பன்சி இருக்கிறாள். ஒரு மதுக்கடை வாசலில் சங்கிலியில் கட்டிக் கிடந்தவள். மனிதர்கள் யாரையும் அண்ட விடமாட்டாள், என்னைக் கண்டால் கல்லெறிவாள். ஒரு குட்டி போட்டு, அதுவும் செத்துப்போனது. பெரியவர்கள் இருக்கும் காட்டுப் பகுதிக்குக் குட்டிகளை அழைத்துப்போய் வேலி வழியாகக் காட்டிப் பழக்கிக்கொண்டிருந்தோம். அவள் மக்காவையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன வாரம் கதவைத் திறந்தோம். குட்டிகளைக் கொன்றுபோட்ட பெரியவர்களும் உண்டு.

அவள் வந்தாள். உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி. மக்கா எஸ்தரைத் திரும்பிப் பார்த்தான். எஸ்தர், சொல்லிவைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவன் அழுதான். பிறகு போனான்.

இப்போது பீபியின் வயிற்றில் தொங்கிக்கொண்டு மர உச்சியில் திரிகிறான். அத்திப்பழம் தின்கிறான். உன் துணியைத் தேடவில்லை. இனி அவனைப் பற்றி உனக்கு எழுத என்னிடம் அதிகம் இருக்காது. அதுதான் நல்ல செய்தி. ஆனாலும் நீ எழுது.

சீதா


அல் ஐன்
மார்ச் 18, 2007

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மாதா முன்னால் வைத்தேன். பீபி மாதாவாகவே வந்தாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினால் ஹாலில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது.

இன்னொன்று, அக்கா. பெண். மக்காவைவிடச் சின்னது. இடுப்பில் கயிறு அறுத்த புண். சின்னப் பிள்ளைகள் 'சிம்சிம் வந்துவிட்டது' என்று குதிக்கிறார்கள். அதே சிம்சிம் என்றே நினைக்கிறார்கள். அர்பாப் என்னிடம், 'ஷாஜினி, நீ இருக்கிறாய் என்றுதான் வாங்கினேன். மற்ற வீடுகளில் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை' என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

தண்ணீராகப் போகிறது. பால் வயிற்றில் நிற்கவில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறேன். வேறு என்ன கொடுக்கலாம்? சீக்கிரம் எழுதுங்கள்.

ஷாஜினி


கேமரூன்
ஏப்ரல் 15, 2007

ஷாஜினி,

ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். மக்கா உன் கையில் செத்திருந்தால் உன் அர்பாப் இரண்டாவதை வாங்கியிருக்க மாட்டார். அவரே அதை உன்னிடம் சொல்லியிருக்கிறார், நீ அதை எனக்கு எழுதியிருக்கிறாய், என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல். உன் கை நல்ல கை. அந்தக் கையை நம்பித்தான் இங்கே துப்பாக்கி வெடிக்கிறது.

போன முறை வந்த அதிகாரிகளிடமே சொல். உன் பெயர் சொல்லாமல் சொல்லலாம். அவர்கள் எடுத்தால் இங்கே வந்து சேரும். நீ சொல்லாவிட்டால், இது வளர்ந்து பல் முளைத்துக் கடிக்கத் தொடங்கியதும் இரும்புக் கூண்டில் போட்டுவிட்டு மூன்றாவதை வாங்குவார்கள்.

பேதிக்கு மருந்தும் அளவும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

சீதாலட்சுமி


அல் ஐன்
ஜூன் 10, 2007

அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்ததும் குட்டியைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. இடுப்பு வலி, இனி என்னால் தூக்க முடியாது என்று மேடத்திடம் சொன்னேன். குட்டியை நளினியிடம் கொடுத்தார்கள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அது கத்தியது. மறுநாளும் கத்தியது. பிறகு கத்தவில்லை. நளினி ஓடிவந்து, 'அக்கா, எனக்கு ஏலாது, இது என்ட கையிலயே செத்துப் போகும், கெதியா வாங்கோ' என்று அழுதாள்.

போய்த் தூக்கிவிட்டேன். நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். செத்தால் மூன்றாவது வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்றாவதை நான் பார்க்கவில்லை. இது என் கண்முன்னால் கிடந்தது. பேதி நின்றுவிட்டது, உங்கள் மருந்தில்.

போன் செய்வது பற்றி மீரா சாகிப் அண்ணனிடம் கேட்டேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டார். 'யம்மா, நீ ஒத்தையாளு. விசாவக் கேன்சல் அடிச்சா ஊருக்குப் போயிருவே. எனக்கு ஊர்ல கட்டிக்கொடுக்க மூணு கொமரு இருக்கு. யார் சொன்னான்னு தோண்டுனா முதல்ல என்னைத்தான் புடிப்பாங்க' என்றார். வண்டியை மறுபடி கிளப்பினார். பிறகு, 'வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போறேன். கோயில் வாசல்ல போன் பூத் இருக்கு. நான் வண்டியிலயே இருப்பேன். எனக்கு ஒண்ணும் தெரியாது' என்றார்.

பூசை முடிந்து போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். முகவரியை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். ஆள் வரும் என்றார்.

காத்திருக்கிறேன். குட்டி இப்போது என் மடியில் இருக்கிறது. அக்கா, அது உங்களிடம் வந்து சேர்ந்தால் எஸ்தரிடம் கொடுங்கள். இதற்குக் காது பிடிக்கிற பழக்கம் இல்லை, என் தலைமுடியில் விரலை விட்டுக்கொள்ளும். நான் இதற்குப் பெயர் வைக்கவில்லை. உங்கள் வேலை கொஞ்சம் குறையட்டும் என்றுதான்.

ஷாஜினி


கேமரூன்
ஆகஸ்ட் 26, 2007

ஷாஜினி,

உன் குட்டி இன்னும் இங்கே வரவில்லை. வருவதாகத் தகவலும் இல்லை.

வேறொன்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து படி.

ஜூலையில் மழையோடு ஒரு இருமல் வந்தது. முதலில் கிராமத்தில் பிள்ளைகளுக்கு வந்தது, பிறகு எங்கள் ஆட்களுக்கு. முகமூடி கட்டினோம், யாரையும் பக்கத்தில் விடவில்லை. எப்படியோ உள்ளே போய்விட்டது. பெரியவர்கள் பகுதியில் ஒவ்வொருவராக மூக்கு ஒழுக ஆரம்பித்தார்கள். இருமியவர்களை இரவுக்கூண்டுக்கு வரவழைத்து ஊசி போட்டோம், பிழைத்தார்கள். பீபி வரவில்லை. கூண்டு, கதவு, மனிதன் எதையும் அவள் நம்புவதில்லை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் வரவில்லை என்றால் அவள் வயிற்றில் இருப்பவனும் வரவில்லை.

உயரத்தில் இருந்தார்கள். மயக்க ஊசியைத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டிருந்தால் அவள் அங்கிருந்து விழுவாள், அவனோடு. நான் துப்பாக்கியை எடுத்து இரண்டு முறை குறிபார்த்து இரண்டு முறையும் இறக்கினேன். கீழே நின்று அவன் மூச்சு இரைப்பதைக் கேட்க முடிந்தது. எஸ்தர் மழையில் நின்று 'இஞ்சவமக்கா, இஞ்சவமக்கா' என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். அவன் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தான். எங்களைத் தெரியும் என்பது போலத்தான் பார்த்தான். பிறகு முகத்தைப் பீபியின் ரோமத்துக்குள் வைத்துக்கொண்டான்.

நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தான், ஷாஜினி. கூப்பிட்டால் வராமலிருக்கக் கற்றுக்கொண்டான்.

பீபி அவன் உடலை இன்னும் கீழே வைக்கவில்லை. தூக்கிக்கொண்டே திரிகிறாள். நாங்களும் கேட்கவில்லை.

சீதா


துபாய், கராமா
அக்டோபர் 7, 2007

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இந்த மெஸ்ஸில் எனக்காகக் காத்திருந்தது. நான் அல் ஐனில் இல்லை. விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டார்கள். டிக்கெட் வரும்வரை மீரா சாகிப் அண்ணனின் தங்கை நஸீரா அக்காதான் என்னைத் தன் அறையில் வைத்திருக்கிறார். நான் படித்துவிட்டு அப்படியே இருந்ததைப் பார்த்து, ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். யார் என்று அவர் கேட்கவில்லை.

அந்தப் பெண் குட்டி உங்களிடம் வராது. நான் போன் செய்த நாலாம் நாள், ஆபீஸர்கள் வருவதற்கு முன்பே, அர்பாப்பின் கூட்டாளி ஒருவர் வண்டியோடு வந்தார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியாது. 'யல்லா, சீக்கிரம், பால் டப்பாவையும் துணியையும் எடுத்துவை' என்று மேடம் சொன்னார். என் முடியில் இருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். மறுநாள் ஆபீஸர்கள் வந்தார்கள். நல்ல மனுஷர்கள், வீடு முழுவதும் தேடினார்கள். ஒன்றுமில்லை. சவூதியில் யான்பு பக்கம் ஒரு பண்ணை என்று டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள். தோஹா என்றும் சொல்கிறார்கள். அங்கே அதைத் தூக்க யார் இருக்கிறார்களோ.

மேடம் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'கலாஸ், ஷாஜினி, முடிந்தது' என்றார். அவ்வளவுதான். மீரா சாகிப் அண்ணன் பெயர் வெளியே வரவில்லை, அது ஒன்றுதான் மிச்சம். அவர் என்னை இங்கே இறக்கிவிட்டுப் போகும்போது அழுதார்.

உங்கள்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, அக்கா. நீங்கள் உங்களுக்குத் தெரிந்ததைச் செய்தீர்கள். பீபி கையை நீட்டினாள். நான் கேட்டதும் அதுதான்.

ஒன்று மட்டும் மனதில் கிடந்து அறுக்கிறது. எஸ்தர் கூப்பிட்டாள், நீங்கள் கூப்பிட்டீர்கள், அவன் வரவில்லை. நான் அங்கே வந்து நின்று கூப்பிட்டிருந்தால் வந்திருப்பானா?

பதில் எழுத வேண்டாம்.

ஷாஜினி


கேமரூன்
டிசம்பர் 2, 2007

ஷாஜினி,

இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. கராமா மெஸ்ஸுக்கே போடுகிறேன். நஸீரா உன்னிடம் சேர்ப்பார் என்று நம்புகிறேன்.

கையெழுத்து மோசமாக இருக்கும், ஒரு கையால் எழுதுகிறேன். நேற்றுச் சந்தையிலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். உன்னுடையது இல்லை, இது ஆண். எஸ்தர் தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மக்காவுக்குப் பிறகு அவள் எதையும் தூக்குவதில்லை. ஆகவே நான் வைத்திருக்கிறேன். எனக்கு இது வராது, பால் பாதி என் மடியில்தான் போகிறது.

நீ பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஒரு மாதம் நானும் எழுதவில்லை. இங்கே எல்லோரும் அவன் ஒரு தாயோடு இருந்தே போனான், அதைவிட என்ன வேண்டும் என்கிறார்கள். அறிக்கையில் நானும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உனக்கும் அதையே எழுதினால் நீ கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவாய். ஆனால் நான் உனக்கு இதுவரை பொய் எழுதியதில்லை.

இறங்கி வந்திருப்பான்.

சீதா